எந்தப் பக்கம் குந்தலாம்?

உலகத்தில் இரண்டே ஜாதிதான். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் ஒரு ஜாதி. அந்தத் துண்டை எடுத்து உதறி, மடித்து, 'இது யாருதுங்க?' என்று ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் இன்னொரு ஜாதி. இரண்டிலும் சேராத அப்பாவிகள் விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே போகிறார்கள்.

'இதெல்லாம் நம்ம ஊர்ப் பழக்கம் சார். வெளிநாட்டுக்காரன்னா வரிசையில வருவான்' என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. உல்லாசக் கப்பல் தெரியுமில்லையா? 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்துகூட ஒன்று கிளம்பியது. முதல்வர் கொடியசைத்து அனுப்பி வைத்தார். மிதக்கிற ஓட்டல். பெரிய கப்பல்களில் 1,000 பேருக்கு மேல் உட்காரும் தியேட்டரே உள்ளே இருக்கிறது. ராத்திரி பாட்டு, டான்ஸ், மாஜிக் எல்லாம் உண்டு. நம்ம கல்யாண வீடு மாதிரி சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி. ஷோவும் இரண்டு. முதல் பந்தியில் கை நனைத்தவர்கள் ஒரு ஷோவுக்கு, அடுத்த பந்திக்காரர்கள் இன்னொரு ஷோவுக்கு என்று கணக்கு.

லட்ச ரூபாய் கொடுத்துக் கப்பல் ஏறிய சீமான்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? ஷோவுக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய், ஒரு நாற்காலியில் தான், அடுத்ததில் கைப்பை, அதற்கடுத்ததில் ஸ்வெட்டர், அதற்கும் அடுத்ததில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்! நீச்சல் குளத்துப் பக்கம் இன்னும் மோசம். விடிவதற்குள் எழுந்து சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். சில கப்பல் கம்பெனிகள், ஆள் இல்லாமல் ரொம்ப நேரம் கிடக்கிற துண்டை எடுத்துவிடும்படி சிப்பந்திகளுக்கு உத்தரவே போட்டிருக்கின்றன.

ஆக, துண்டு உலகப் பொது.

அந்தத் தியேட்டரிலும் எல்லா சீட்டும் நல்ல சீட்டு இல்லையாம். சிலதில் தூண் மறைக்கும். மாடி முதல் வரிசை பிரமாதம் என்று ஓடிப் போய் உட்கார்ந்தால் கைப்பிடிக் கம்பி நடிகையின் கழுத்துக்கு நேராக நிற்கும். தியேட்டரைப் பெரும்பாலும் கப்பலின் மூக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அலை அடித்தால் ஆட்டம் அங்கேதான் அதிகம். மேடையில் அவர்கள் ஆட, கீழே நாமும் ஆட, சாப்பிட்டது வயிற்றுக்குள் ஆட... எதற்கு வம்பு? கரைக்கு வருவோம்.

* * *

செஞ்சியில் கடல் கிடையாது. கப்பலும் கிடையாது. ஆனால் ராத்திரி ஷோ உண்டு. டிக்கெட் இல்லை, சீட் நம்பர் இல்லை, ஏ.சி. இல்லை, இடைவேளை இல்லை. ராத்திரி 10 மணி வாக்கில் மத்தளம் அதிர்ந்தால் கிழக்கு வெளுக்கிற வரை ஆட்டம்தான். பாரதக் கூத்து! இதில் நல்ல இடம் பிடிப்பது எப்படி என்பது ஒரு தனி சாஸ்திரம். கப்பல்காரர்கள் வந்து பாடம் படிக்கலாம்.

இடத்துக்காகக் காத்துக் கிடப்பது செஞ்சி மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் வந்து கோட்டைக்கு வெளியே உட்கார்ந்தார். உள்ளே இடம் கிடைத்தது 1698-ல். 8 வருஷம்! அவர் யாரைப் பிடிக்க வந்தாரோ, அந்த ராஜாராம் அதற்குள் நழுவிப் போய்விட்டார். படம் முடிந்து 'ஜனகணமன' பாடும்போது சீட் கிடைத்த கதை.

அந்தக் கோட்டைக்கு இப்போது பெரிய மவுசு. 2025 ஜூலையில் மராட்டியர் சம்பந்தப்பட்ட 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில், பாக்கி ஒன்று நம்ம செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். மூச்சு வாங்க ஏறுகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் இறங்கித் திருவண்ணாமலைப் பக்கமோ திண்டிவனம் பக்கமோ பஸ் பிடித்து விடுகிறார்கள். ராத்திரி சமாசாரம் அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்துகொண்ட வெளியூர்க்காரர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்தார். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற பேராசிரியர். செஞ்சிக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிற மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலையும், சுற்று வட்டாரப் பாரதத் திருவிழாக்களையும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். திரௌபதி வழிபாட்டைப் பற்றி அவர் எழுதிய தடிப் புத்தகத்தை 1988-ல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்டது. தலைப்பிலேயே செஞ்சி உண்டு, குருக்ஷேத்திரமும் உண்டு. காரணம் இருக்கிறது. திரௌபதி இரண்டாம் முறை வந்தது செஞ்சியில்தான் என்பது இந்தப் பக்கத்து ஐதீகம். பழைய செஞ்சி என்று சொல்லப்படுகிற மேலச்சேரிக் கோயிலைத்தான் ஆதிக் கோயில் என்கிறார்கள்.

கோடை வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். 10 நாள், 18 நாள் என்று ஊருக்கு ஊர் கணக்கு மாறும். மத்தியானம் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். பகலில் அவர் வாயால் சொன்ன கதையை, ராத்திரி கிரீடமும் புஜகட்டையும் கட்டிக்கொண்டு கண் முன்னால் நடத்திக் காட்டுவார்கள்.

பாய் போடுகிற படலம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்கு ஒரு வாண்டு பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும். பாய் இல்லாத வீட்டில் கோணி. கோணியும் இல்லையென்றால் நாலு கல்லைச் சதுரமாக வைத்துவிட்டுப் போய்விடலாம். கல்லுக்கு மரியாதை உண்டு. பக்கத்துப் பாய்க்காரன் நைசாகக் கல்லை அரை அடி நகர்த்தி வைப்பதும் உண்டு. சர்வே டிபார்ட்மெண்ட் தோற்றுப் போகும்!

* * *

இந்த சாஸ்திரத்தில் கரை கண்ட ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். 70 வயதைத் தாண்டியவர். எத்தனை பாரதம் பார்த்திருக்கிறார் என்று அவருக்கே கணக்கில்லை.

"ஐயா, கூத்துல நல்ல இடம் எது? முன்னாடியா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னாடி குந்தறவன் கூத்து பார்க்க வரல தம்பி. கூத்துல நடிக்க வந்திருக்கான்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. கூத்துக்கு மேடை கிடையாது, தரைதான். பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். அவர்களுக்கு முன்னால் ஆட்டம். மூன்று பக்கமும் ஜனங்கள். ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. கட்டியக்காரன் ஒருவன் வருவான். கோமாளி என்று சுருக்கமாகச் சொன்னாலும் அவன்தான் ராஜாவுக்குக் காவல்காரன், தூதன், நமக்கு உரை சொல்கிற வாத்தியார் எல்லாம். அவனுக்குக் கிண்டல் செய்ய ஆள் வேண்டும். பின் வரிசைக்கு அவன் போவானா? முதல் பாயில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதரைப் பார்த்து, 'மகாராஜா! உங்க கடன்காரர் இங்கதான் குந்தியிருக்கார்' என்று ஒரு போடு போடுவான். ஊரே சிரிக்கும். உட்கார்ந்திருப்பவர் உண்மையிலேயே கடன்காரராக இருந்துவிட்டால் இன்னும் பலமாகச் சிரிக்கும்.

இது பரவாயில்லை. வேஷக்காரர் கிறுகிறுவென்று சுற்றி ஆடும்போது கிளம்புகிற புழுதி முதல் பாய்க்குத்தான். பகாசுரன் கதையென்றால் அசுரன் ஜனங்களுக்குள் புகுந்துவிடுவான். துகிலுரிதல் என்றால் கேட்கவே வேண்டாம். துச்சாதனன் வேஷம் கட்டியவர் திரௌபதி சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி, 'தாயே, இது வேஷம், மன்னிச்சுக்கோ' என்று கும்பிடுவது உண்டு. அப்படிக் கும்பிட்டும் அவருக்கு ஆவேசம் வந்து நாலு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். கூட்டத்தில் பெண்களுக்குச் சாமி வந்துவிடும். அந்த நேரத்தில் முதல் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர் கதி? மகாபாரதத்தில் நாலு மிதி!

"அப்போ எங்கதான் குந்தறது?"

விரல் விட்டு எண்ணினார்.

"ஒண்ணு. திரைக்கு நேர் எதிர்ல, நாலாவது அஞ்சாவது பாய்."

கூத்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முக்கியமான வேஷம் வரும்போது இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். நடுவில் இருக்கிற துரியோதனன் திரைக்குள்ளிருந்தே பாடி, தான் யார், தன் பெருமை என்ன என்று சொல்லி, நம்மைத் தவிக்க வைத்து, பிறகுதான் முழுசாக வெளியே வருவார். (சினிமாவில் ஹீரோவின் ஷூவை முதலில் காட்டி, அப்புறம் முதுகைக் காட்டி, மூன்றாவது ரீலில் மூஞ்சியைக் காட்டுகிறார்களே, அதை யாரோ இங்கே பாய் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்த்தான் செய்திருக்க வேண்டும்.) பக்கவாட்டில் உட்கார்ந்தால் திரைக்குப் பின்னால் துரியோதனன் மூக்கைச் சொறிவது தெரிந்துவிடும். மாயம் போச்சு.

"ரெண்டு. மைக் எங்க தொங்குதுன்னு பாரு."

ஒரு காலத்தில் தீவட்டி, அப்புறம் பெட்ரோமாக்ஸ், இப்போது டியூப் லைட்டும் ஃபோகஸ் லைட்டும். மைக் வந்த பிறகு வேஷக்காரர் அதை விட்டுத் தள்ளிப் போக முடிவதில்லை. முன்பு களம் முழுக்கச் சுற்றிப் பாடிய அர்ச்சுனன் இப்போது மைக்குக்கு நேராக வந்து நின்று பாடிவிட்டுத்தான் ஆடப் போகிறான். ஆகவே மைக்குக்கு நேராக இடம் பார்க்க வேண்டும். அதே நேரம் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராகப் பார்க்கக் கூடாது. மறுநாள் சம்சாரம் கூப்பிட்டால் காது கேட்காது. (இதை வசதி என்று நினைப்பவர்கள் தாராளமாக உட்காரலாம்.)

"மூணு. முதுகுக்கு ஒரு ஆதரவு."

விடிய விடியப் பார்க்க வேண்டுமே! தூண், கோயில் மதில், வேப்பமரம், யாராவது வீட்டுத் திண்ணை. இந்த நாலில் ஒன்று கிடைத்துவிட்டால் அவன் பாக்கியவான். வயசானவர்களுக்கு இந்த இடத்தை விட்டுத் தருவது மரபு. தராதவர்களுக்கு மூன்றாம் ஜாமத்தில் இடுப்பே புத்தி சொல்லும்.

"நாலு. பக்கத்துல குந்தறவன் நல்லவனா பாரு."

இது என்ன புதுசாக இருக்கிறதே என்று விழித்தேன். சிரித்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாருக்கும் கண்ணு சொருகும் தம்பி. அபிமன்யு சாகறப்போ என்னை எழுப்புன்னு சொல்லிட்டுத் தூங்கணும். எழுப்பறவன்கிட்ட குந்தணும். சில பேரு எழுப்பாம, காலையில 'அடடா, என்னா கட்டம், நீ பார்க்கலியே'ன்னு சொல்லுவான். அவன் கிட்டக்க குந்தக் கூடாது."

எந்தக் கப்பல் கம்பெனியாவது இதை யோசித்திருக்குமா?

பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஓர் ஆயா அதுவரை பேசாமல் இருந்தார். "உங்க ஆயா எங்க குந்துவாங்கன்னு கேட்டியா சாமி?" என்றார் பொதுவாக. "நாங்க ஓரமாத்தான் குந்துவோம். எழுந்து போறதுக்கு ஒரு வழி வேணும். இருட்டுல நாலு பேரைத் தாண்டிக்கிட்டுப் போக முடியுமா? ஒரு பாட்டுக்குப் போனா மூணு பாட்டுக்கப்புறம்தான் வரணும். கக்கூசு கிட்டக்க இருந்துட்டா நாங்களும் நடுவுல குந்துவோம்."

பெரியவர் சொன்ன நாலு விதியும் அங்கேயே கொஞ்சம் சுருங்கிப் போயின.

* * *

'மறைக்குது' என்பது தமிழனின் ஆதிக் கூக்குரல். டென்ட் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து, பின்னால் இருப்பவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் விஷயம் அதைவிடப் பழசு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்குக்கு இளங்கோவடிகள் அளவு தருகிறார்: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். மூன்று வகைத் திரை. அதோடு விடவில்லை. தூண்களின் நிழல் ஆட்டத்தின் மேல் விழாதபடி விளக்கு வைத்தார்களாம். பார்க்கிறவனுக்கு மறைக்கக் கூடாதே என்று கவலைப்பட்ட ஊர் இது.

வெளிநாட்டில் வேறு மாதிரி கவலை. ரோமாபுரியில் கி.மு. 67-ல் ஒரு சட்டமே போட்டார்கள். நாடகக் கொட்டகையில் முதல் 14 வரிசை பணக்காரக் குதிரை வீரர் வகுப்புக்கு மட்டும் என்று. அதற்கும் முன்னால் செனட்டர்கள். சட்டம் கொண்டுவந்த ஆசாமி சில வருஷம் கழித்துத் தியேட்டருக்குள் நுழைந்தபோது ஜனங்கள் சீழ்க்கை அடித்துக் கூச்சல் போட, பேச்சில் மன்னரான சிசரோ வந்து பேசித்தான் சமாதானம் ஆயிற்று. இத்தாலியில் பிரபுக்கள் காலத்தில் மேடையின் பின்னணிப் படத்தையே, பிரபு உட்காருகிற ஒரே ஒரு இடத்திலிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும்படி வரைந்தார்கள். மற்றவர்களுக்கு அரண்மனை கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும். லண்டனில் ஷேக்ஸ்பியரின் குளோப் கொட்டகையில் 1 பென்னி கொடுத்தவர்கள் வெட்ட வெளியில் நின்றுகொண்டே பார்த்தார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது, நம்ம கூத்துக் களம் எவ்வளவு நியாயமானது, முதலில் பாய் போட்டவனுக்கு முதல் இடம், ராஜாவும் இல்லை மந்திரியும் இல்லை என்று மார் தட்டிக்கொள்ளத் தோன்றும்.

தட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பாரதக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது என்ன கதை? முழுக்க முழுக்க இடத் தகராறு! பாண்டவர்கள் பாதி ராஜ்யம் கேட்டார்கள். இல்லை. ஐந்து ஊர் கேட்டார்கள். இல்லை. ஐந்து வீடாவது என்றார்கள். ஊசி முனை குத்துகிற இடம்கூடக் கிடையாது என்றான் துரியோதனன். தூது வந்த கிருஷ்ணனுக்கு நாற்காலி போட்டான். ஆனால் வில்லிபாரதத்தின்படி அந்த ஆசனத்துக்குக் கீழே குழி வெட்டி ஆள் வைத்திருந்தான். உலகத்திலேயே மோசமான ரிசர்வ்டு சீட் அதுதான்.

கர்ணன் கதையும் இடக் கதைதான். வில் வித்தைக் களத்தில், 'உன் குலம் என்ன, அப்பன் யார்' என்று கேட்டு ஒதுக்கினார்கள். அப்போது துரியோதனன் ஒருவன்தான் எழுந்து, 'வா, இங்கே உட்கார்' என்று அங்க தேசத்து சிம்மாசனத்தில் உட்கார வைத்தான். அந்த ஓர் இடத்துக்காகத்தான் கர்ணன் சாகிற வரைக்கும் அவன் பக்கம் நின்றான். கர்ண மோட்சம் ஆடுகிற ராத்திரி பாருங்கள். ஊரில் அழாத கண் இருக்காது.

அழுகிற ஊர்தான். அந்த அழுகைக்கு நடுவிலும் களத்துக்குக் கிட்டே வராமல் தூரத்தில் நின்றே பார்த்துவிட்டுப் போன ஜனங்கள் இருந்தார்கள். பாய் அவர்களிடமும் இருந்தது. விரிக்கத்தான் இடமில்லை. அவர்கள் எந்த விதிப்படி தூரத்தில் நின்றார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் வந்ததற்காக 2023-ல் தகராறு ஆகி, அந்த ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2024 மார்ச்சில் பூஜைக்கு மட்டும் திறந்து, 2025 ஏப்ரலில்தான் எல்லோரும் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. சபையில் நியாயம் கேட்ட திரௌபதியின் கோயில். நியாயம் கேட்க அங்கே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி. பல ஊர்களில் களத்துக்கு முன்னால் இரண்டு வரிசை நாற்காலி போட்டுவிடுகிறார்கள். 'முக்கியஸ்தர்களுக்கு.' முக்கியஸ்தர்கள் 10 மணிக்கு வந்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு, 11 மணிக்கு எழுந்து போய்விடுகிறார்கள். நாற்காலி மட்டும் போவதில்லை. காலி நாற்காலிகளின் கால் சந்து வழியாகக் குழந்தைகள் அர்ச்சுனனைப் பார்க்கின்றன. சாயங்காலமே வந்து பாய் போட்டவர்களுக்கு அது மறைக்கிறது. ரோமாபுரியின் 14 வரிசை 2,000 வருஷம் கழித்து வாடகைக் கடை மூலமாகச் செஞ்சிப் பக்கம் வந்து இறங்கியிருக்கிறது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

"அதுக்கும் ஒரு வழி இருக்கு தம்பி" என்றார். "அவங்க எழுந்து போனதும் சின்னப் பசங்களைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில குந்த வெச்சுடுவேன். கட்டியக்காரன் வந்து 'வாங்க தலைவரே'ன்னு அதுங்களைக் கும்புடுவான். அப்புறம் யாரு வந்து எழுப்பறது?"

* * *

பாரதத் திருவிழாவில் இந்த இடத் தகராறு எதுவும் செல்லாத இரண்டு நேரம் உண்டு.

ஒன்று, அர்ச்சுனன் தபசு. களத்தின் நடுவே உயரமான மரம் நட்டிருப்பார்கள். பெரும்பாலும் பனை. பாசுபதம் வாங்கத் தவம் போகிற அர்ச்சுனன் பாடிக்கொண்டே படிப்படியாக அதன் உச்சிக்கு ஏறுவார். வேஷம் கட்டிய உடம்போடு, வலை கிலை எதுவும் இல்லாமல். கீழே பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் ஈரத் துணியோடு காத்திருப்பார்கள். மேலேயிருந்து எலுமிச்சம் பழமும் பூவும் விபூதியும் வந்து விழும். அந்த நேரத்தில் எந்தப் பாய் முன்னே, எந்தப் பாய் பின்னே? எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பழம் யார் மடியில் விழும் என்பதை நாற்காலி முடிவு செய்வதில்லை.

இன்னொன்று, படுகளம். கடைசி நாள் காலை. களிமண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள். பீமன் வந்து தொடையில் அடிப்பான். திரௌபதி அவிழ்ந்த கூந்தலை முடிவாள். அதைப் பார்க்க உட்கார இடமே கிடையாது. ஊரே சுற்றி நிற்கும். உயரமானவன் பின்னால் போவான், குள்ளமானவனை முன்னால் விடுவான், குழந்தை தோளில் ஏறும். அன்று சாயங்காலம் தீமிதி. எத்தனையோ ராத்திரியாக இது என் இடம், அது உன் இடம் என்று கல்லை நகர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

ஆகவே, செஞ்சிப் பக்கம் கோட்டை பார்க்கப் போகிறவர்கள் கோடையில் போனால், அக்கம்பக்கத்தில் எந்த ஊரில் பாரதம் என்று டீக்கடையில் விசாரியுங்கள். ராத்திரி தங்குங்கள். திரைக்கு எதிரில், நாலாவது பாய். மைக்குக்கு நேராக, ஸ்பீக்கருக்கு விலகி. அம்மாவையோ ஆயாவையோ அழைத்துப் போனால், அவர்கள் எழுந்து போக வழி இருக்கிற இடமாகப் பாருங்கள். பாய் மட்டும் கொஞ்சம் அகலமானதாக எடுத்துப் போங்கள். நடு ராத்திரியில் யாராவது இருட்டிலிருந்து வந்து, 'கொஞ்சம் நகர்ந்து குந்துங்க' என்பார்கள். யார் என்ன என்று விசாரிக்காமல் நகர்ந்து விடுங்கள்.

அதே வார்த்தைக்கு அஸ்தினாபுரத்தில் ஒருத்தர் 'முடியாது' என்றதால்தான் நாம் இன்னும் ராத்திரி ராத்திரி கண் விழித்துக்கொண்டிருக்கிறோம்.